புது மருந்து ஏற்றுவதற்கு முன்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

மூட்டு டொக்டர் உன் மூட்டு வருத்தத்துக்கு ரிற்றுக்சிமாப் என்ற மருந்தை நாளத்தில் ஏற்ற நாள் குறிக்கப்போகிறார் என்று சொன்னாய். அது நல்லதுதான். மெத்தோட்ரெக்சேற் குளிசை மட்டும் போதாமல், காலையில் விரல் மடக்க முடியாமல் நீ படுகிற பாட்டுக்கு வேறு வழி வேண்டும். ஆனால் தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்டதும், "இப்ப ஒரு ஊசியும் வேண்டாம் அம்மா, உடம்பு அடங்கட்டும்" என்று கதையை மாற்றிவிட்டாய். போனில் இதைத் தொடர்ந்தால் நான் அழுவேன், நீ கோபிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மருந்து தொடங்கினால் ஊசியைத் தள்ளிப்போட இடமில்லை, பிள்ளை. உடம்பில் நோய் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குவது, பி செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களிலிருந்து வருகிற கலங்கள். ரிற்றுக்சிமாப் அந்த பி செல்களையே அழிக்கிறது. ஏற்றிய பிறகு ஆறு மாதமளவும், சிலருக்கு அதற்கு மேலும், போடுகிற ஊசி சரியாகப் பிடிக்காது. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நாலு வாரம் முன்பே போட்டு முடிக்கச் சொல்வது இதனால்தான். உடம்பு அடங்கட்டும் என்று நீ காத்திருக்கிற காலம்தான் ஊசி வேலை செய்யக்கூடிய காலம்.

உன் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. முன்னர் கொரோனா ஊசி போட்ட கிழமை உன் முழங்கால் வீங்கினது எனக்குத் தெரியும். நீண்டநாள் வருத்தக்காரர் எல்லோரிடமும் இந்தத் தயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ மருந்து மாற்றி, சாப்பாட்டை அடக்கி, ஒருவாறு ஒரு நிலைக்குக் கொண்டுவந்த உடம்பை யாரும் தொடக்கூடாது என்று இருக்கும். 2021இல் இங்கே சினோபாம் என்ற சீனக் கொரோனா ஊசி வந்தபோது பள்ளிக்கூட மண்டபத்தில் தாதிமாரான எங்களுக்கு வேலை. "எனக்குச் சலரோகம் இருக்கு மிஸி, உந்த ஊசி எனக்கு ஒத்துவராது" என்று வாசலோடு திரும்பிய ஆட்களை மறக்க முடியவில்லை. அவர்களுக்குத்தான் அது முதலில் தேவைப்பட்டது. அந்த ஆவணி, புரட்டாதியில் நாட்டில் நாளுக்கு நூற்றுக்கு மேல் இறந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள், பலருக்கு ஏற்கெனவே சலரோகமோ பிரஷரோ இருந்தது.

ஊசி வேண்டாம் என்று திரும்பியவர்களில் பலர் விவரம் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஊசி போடும் இடத்தில் கேட்டால் "உங்கட கிளினிக் டொக்டரைக் கேளுங்கோ" என்பார்கள், கிளினிக்கில் கேட்டால் "அங்க சொல்லுவினம்" என்பார்கள். கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்காதவர் வட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் என்ன செய்வார்? இன்னொன்றும் உண்மை. பைசர், மொடர்னா ஊசிகளின் முதல் பெரிய பரிசோதனைகளில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களைச் சேர்க்கவில்லை. "எங்களைப் போன்ற வருத்தக்காரரில் பார்த்தார்களா" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி.

பிறகு பார்த்தார்கள். ஐரோப்பாவில் மூட்டு வைத்தியர்கள் சேர்ந்து வைத்த பதிவேட்டில் ஊசி போட்ட 5,000க்கு மேற்பட்டவர்களின் விவரம் இருந்தது. அழற்சி மூட்டு வருத்தம் உள்ளவர்களில் 100 பேருக்கு நாலு பேர் அளவில்தான் வருத்தம் கிளம்பியது. கடுமையாகக் கிளம்பியது 1,000 பேருக்கு ஆறு பேரளவில். நீ அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லு. திரும்பவும் வீங்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

எல்லா ஊசியும் உனக்குப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். உயிருள்ள, பலம் குறைத்த கிருமி உள்ளவை உனக்கு வேண்டாம்: மூக்கில் அடிக்கிற ஃப்ளூ மருந்து, சின்னமுத்து ஊசி, கொப்பளிப்பான் ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி. கையில் போடுகிற ஃப்ளூ ஊசியிலும், நியூமோனியா ஊசியிலும், கொரோனா ஊசியிலும், அக்கிக்குப் போடுகிற சிங்றிக்ஸிலும் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் அந்த ஊசிகள் அந்த நோயை உண்டாக்காது. கை நோகும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும், சிங்றிக்ஸுக்குக் கொஞ்சம் கூடவே அடிக்கும். அது இரண்டு முறை போட வேண்டியது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்று, இரண்டு மாத இடைவெளியிலேயே போடுவார்கள். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அக்கியைச் சொல்லும்போது மாமியைத்தான் நினைக்கிறேன். ஸ்டீரொயிட் எடுத்துக்கொண்டிருந்தவவுக்கு முதுகில் சுற்றி வந்தது. கொப்பளம் காய்ந்த பிறகும் சட்டைத் துணி பட்டாலே துடித்தா. மாதக்கணக்கில் நித்திரை இல்லை. கொப்பளிப்பான் ஒருமுறை வந்த எவருக்கும் அந்தக் கிருமி நரம்பில் தங்கியிருக்கும். உனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது.

இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போ. முதல் ஏற்றும் நாள் எது, அதற்கு முன் எந்தெந்த ஊசிக்கு நேரம் இருக்கிறது? ஃப்ளூ ஊசி போட்டபின் மெத்தோட்ரெக்சேற்றை இரண்டு வாரம் நிறுத்தினால் அது நன்றாகப் பிடிக்கும் என்று கண்டிருக்கிறார்கள். உன் வருத்தம் இப்போது இருக்கிற நிலையில் நிறுத்தலாமா? அவரைக் கேட்காமல் நீயாக ஒரு குளிசையும் நிறுத்தாதே. சிங்றிக்ஸின் இரண்டாவது ஊசி முடியும்வரை ஏற்றுவதைத் தள்ளலாமா, அது மூட்டுக்கு ஆபத்தா? அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். தள்ள முடியாது என்றால் முதலாவதையாவது போட்டுவிட்டுப் போ.

சண்டைக் காலத்தில் போலியோச் சொட்டு மருந்துக்காக இரண்டு பக்கமும் துவக்கை நிறுத்திய நாட்களில் நான் வேலை செய்தவள். அம்மாவுக்கு ஊசி என்றால் எல்லாம் நல்லது என்று நீ நினைப்பாய். அந்தப் பிள்ளைகள் சுகமாயிருந்தவர்கள். உனக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் போட வேண்டும், அதனால்தான் உன் மருந்தெல்லாம் தெரிந்த டொக்டரைக் கேட்கச் சொல்கிறேன். கேட்ட பிறகும் வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் நான் கோபிக்கமாட்டேன்.

அவர் தருகிற திகதியை எனக்கு அனுப்பு. ஊசி போடுகிற அன்று தனியாக வாகனம் ஓட்டாமல் மருமகனைக் கூட்டிக்கொண்டு போ, அடுத்த நாள் லீவு எடு.

அன்புடன்,
அம்மா