வாணக் குழியில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

திருச்சி உறையூரில் ஒரு கட்டடத்துக்கு வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டியபோது பழங்காலப் பானை ஓடுகளும் ஓர் உறைகிணறும் (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) வெளிப்பட்டன. அவற்றை அளந்து குறித்துக்கொள்ளப் போன எங்களை முதலில் உள்ளே விடவில்லை. அந்த வாரச் சச்சரவு பலருக்கும் தெரியும். திரும்பக் கிளறப் போவதில்லை. கான்கிரீட் போட்டாகிவிட்டது. அதற்குள் குழியில் இருந்ததை அளந்து, வரைந்து, படம் எடுத்து, கிடைத்தவற்றை நேற்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். இப்போதுதான் மூச்சு வருகிறது.

முதல் நன்றி, அங்கே சித்தாள் வேலைக்கு வந்த அக்காவுக்கு. பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்களை உள்ளே விடாத நாட்களில், வந்த ஓடுகளை மண்ணோடு மண்ணாகக் கொட்டாமல், தனித்தனி சிமெண்ட் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மேல்மண்ணில் வந்ததற்குச் சணல் கயிறு. நடுவில் வந்ததற்கு நீலச் சேலைக் கிழிசல். அடியில், உறைகிணற்றின் சுடுமண் வளையத்தை ஒட்டி வந்ததற்குக் கட்டுக்கம்பி. “மேல வந்ததையும் கீழ வந்ததையும் கலக்கக்கூடாதுன்னு நீங்கதானே பேசிக்கிட்டிருந்தீங்க தம்பி” என்றார். அது நாங்கள் எங்களுக்குள் பேசியது. மண்சட்டியைச் சுமந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

பொதுவாக ஆழத்தில் இருப்பதுதான் பழையது. எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் கறுப்பு சிவப்பு ஓடு (உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழைய பானையின் ஓடு) வெறும் ஓடுதான். கட்டுக்கம்பிச் சாக்கில் அதுதான் நிறைய. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்து சாயத்தொட்டியை வெளிக்கொண்டுவந்தபோதும் இந்த வகை கிடைத்தது. இன்று ஊர் முழுக்க வீடு. சோழர் தலைநகரைப் பார்க்க வேண்டுமென்றால், யாராவது பழைய ஓட்டுவீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட வாணம் தோண்டும்போதுதான் உண்டு. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. எங்கள் தெருவுக்கு அந்தக் காப்பெல்லாம் கிடையாது. யாராவது மனசு வைத்தால்தான்.

மனசு வைத்தவர்கள்: ரெடிமிக்ஸ் லாரியைத் தள்ளிப்போட்ட மேஸ்திரி, மழைக்குத் தார்ப்பாய் தந்த மளிகைக்கடை அண்ணாச்சி, லீவில் வந்து வரைந்த கல்லூரிப் பிள்ளைகள், மனு எழுதித் தந்த வக்கீல், கடைசியில் சரி என்று சொன்ன இடத்துக்காரர். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. வங்கி வட்டி ஓடும்போது வேலையை நிறுத்துவது லேசில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கிழித்த சேலைக்குப் பதிலாக அக்காவுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தோம். வேண்டவே வேண்டாம் என்றார். அப்புறம் கலரைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இனி உறையூரில் வாணம் தோண்டப் போகிறவர்கள் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓரமாக நின்று அளந்து எழுதிக்கொண்டு போய்விடுவோம். டீ செலவு எங்களுடையது.