ஞாயிறு கதை நேரம் தொடரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தில் கைலி நெய்கிறவள். எங்கள் பகுதி கிளை நூலகத்தில் ஞாயிறு காலை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். முன்பு வெளியாட்கள் எதிரில் வாயே திறக்காத என் பேத்தி, இப்போது கதையின் முடிவைத் தானே மாற்றிச் சொல்கிறாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் எனக்குச் சத்தமாக வாசித்தும் காட்டுகிறாள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1948 நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கதை நேரத்துக்கும் ஒரு பங்கு வேண்டும். பிள்ளைகள் உட்காரப் பாய், இரண்டு மின்விசிறி போதும். வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! தறி நின்ற பிறகு, மாலையில் பெண்களுக்கும் வாசிப்பு நேரம் வைத்தால் முதல் ஆளாக வருவேன்.

இப்படிக்கு,
நெசவாளர் ஒருவர், குடியாத்தம்