ஆட்டத்தை நடத்துபவர் கையில் இருக்க வேண்டிய தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் வீட்டுக்குள் ஆடத்தக்க ஆட்டங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கும் இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி தந்தது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் மட்டும் டஞ்சன் மாஸ்டராக இருந்து அந்தக் கற்பனை உலகையும் அதன் எதிரிகளையும் நடத்திச் செல்கிற இந்த ஆட்டத்தைக் கணினி விளையாட்டு என்று எழுதாமல் விட்டதற்கே கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால், ஆட்டத்தை நடத்த விரும்புகிறவர் மூன்று விதிநூல்களையும் படித்து முடித்த பிறகே மேசைக்கு வர வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2014 பதிப்பின் மூன்று நூல்களும் சேர்ந்தால் ஆயிரம் பக்கத்தை நெருங்கும். அந்தக் கணக்கைக் கேட்டே மலைத்து ஒதுங்கிவிட்ட கல்லூரி மாணவர்களை நான் அறிவேன். அடிப்படை விதிகளை ஒருமுறை வாசித்துவிட்ட ஒருவருக்கு மேசையில் தேவைப்படுவது இருபுறமும் எழுதிய ஒரே ஒரு குறிப்புத்தாள்தான். அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

இது புதிய யோசனையும் அன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் வெளியான முதல் பெட்டியிலேயே, மூன்று சிறு நூல்களுடன் தனித்தாள்களாகக் குறிப்பு அட்டவணைகளும் இருந்தன. நடத்துபவர் தம் முன்னே நிறுத்திவைத்துக்கொள்ளும் மடிப்பு அட்டைகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே விற்பனைக்கு வந்துவிட்டன. எதிரியின் மீது அடி விழ எந்த எண் வேண்டும் என்பதையே பெரிய கட்டங்களில் தேடிப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, 20 முகப் பகடையை உருட்டித் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கு எண்ணை எட்டியதா என்று பார்க்கும் ஒரே முறைக்குள் பெரும்பாலான செயல்களைக் கொண்டுவந்தது. ஆகவே பழைய அட்டவணைகளில் பாதிக்கு இன்று வேலையில்லை; இருந்தும் விற்கப்படும் மடிப்பு அட்டைகளில் அரிதாகவே தேவைப்படும் விவரங்கள் பல இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

தாளின் முதல் வரியில் இலக்கு எண்களை எழுத வேண்டும். 2014 பதிப்பின் விதிநூல் 5 முதல் 30 வரை ஆறு படிகளைச் சொன்னாலும், எளிதுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 என்ற மூன்றை வைத்துக்கொண்டே பல மாதங்கள் ஆட்டத்தை ஓட்டிவிடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் வெற்றி வாய்ப்பையும் குறித்துக்கொள்வது அவசியம். முதல் நிலையில் உள்ள பாத்திரம், தனக்குக் கைவந்த செயலைச் செய்யும்போது பெரும்பாலும் 5 கூட்டிக்கொள்ளும். அப்போது மேற்கண்ட மூன்று இலக்குகளையும் எட்டும் வாய்ப்பு முறையே 80, 55, 30 விழுக்காடு. கூட்டிக்கொள்ள எதுவுமே இல்லாத பாத்திரத்துக்கு அது 55, 30, 5 எனச் சரிந்துவிடும். நடுத்தரம்தானே என்று நினைத்து 15ஐ அறிவிக்கிறவர், பயிற்சியில்லாத பாத்திரம் பத்தில் ஏழு முறை தோற்கும் என்பதைக் கண்முன் வைத்திருந்தால், கதவைத் திறக்கவே முடியாமல் கதை அங்கேயே நின்றுபோகிற அவலம் பல மேசைகளில் நேராது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வதும், பாதகமாக இருந்தால் சிறியதை எடுத்துக்கொள்வதும் இப்பதிப்பின் வழக்கம். ஐம்பது விழுக்காடாக இருந்த வாய்ப்பு முன்னதில் 75 ஆக உயரும், பின்னதில் 25 ஆகக் குறையும். மழை, புகை, வழுக்கும் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு போட்டுக்கொண்டிருக்காமல் இந்த ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

தாளில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது, எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்து ஒரு பாத்திரம் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பகுதி. கோப்ளின் எனப்படும் குள்ளப் பூதங்கள் ஆறு புதரிலிருந்து பாய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்ளினின் வாள் வீச்சு சராசரியாக 5 புள்ளிகளைப் பறிக்கும். முதல் நிலை மந்திரவாதியிடம் இருப்பதோ 8. இரண்டு வீச்சில் அவர் நினைவிழந்து கீழே விழுகிறார். அதன்பின் தம் முறை வரும்போதெல்லாம் அவர் எதையும் கூட்டாமல் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும்: 10ம் அதற்கு மேலும் வெற்றி, அதற்குக் கீழே தோல்வி, மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போய்விடும், 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு எழுந்துகொள்வார், 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இதுவரை பலருக்கும் நினைவிருக்கும். பலரும் மறப்பது அடுத்த பகுதியை: நினைவிழந்து கிடப்பவரை ஐந்து அடிக்குள் நிற்கும் எதிரி தாக்கினால் அவனுக்கு இரண்டு பகடையில் பெரியது கிடைக்கும், பட்டால் அது இரட்டைப் பகடை அடியாகும், அதாவது அடியின் அளவுக்கு உருட்டும் பகடை மட்டும் இரு மடங்காகும், ஒரே குத்தில் இரண்டு தோல்வி சேர்ந்துவிடும். அதற்கும் மேலாக, ஒரே அடியின் அளவு அப்பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளியை எட்டினால் உருட்டலுக்கே இடமில்லை, மரணம்தான். கோப்ளினின் இரட்டைப் பகடை அடி சராசரி 9. நம் மந்திரவாதியின் முழு அளவே 8. கோப்ளின் குனிந்து குத்துகிறது என்று வாய்தவறிச் சொல்வதற்கு முன்பே இந்தக் கணக்கு நடத்துபவரின் கண்ணில் பட்டாக வேண்டும். வாரக்கணக்கில் ஒருவர் வளர்த்த பாத்திரத்தின் உயிர் ஊசலாடும் வேளையில், மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, நடத்துபவர் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. நண்பர் ஒருவர் மருத்துவத் திறனில் 10ஐ எட்டினால் நிலை தேறும் என்பதையும், குணப்படுத்தும் மந்திரம் ஒரு புள்ளி தந்தாலும் எழுந்துவிடுவார் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிவிட்டால் இப்பகுதி முடிந்தது.

சண்டைக்குரிய மற்றவை சில வரிகளில் அடங்கும். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. அதில் பெரும்பாலோருக்கு நடை 30 அடி. வரைபடத்தில் ஒரு கட்டம் ஐந்து அடி. வீட்டுமனையை இன்றும் சதுர அடியில் அளக்கிற நமக்கு இந்த அளவுகள் ஒரு தொல்லையே அல்ல. விழுந்து கிடப்பவர் எழுந்து நிற்கப் பாதி நடை செலவாகும். அருகிலிருந்து அவரைத் தாக்குவோருக்குச் சாதகம், தொலைவிலிருந்து அம்பெய்வோருக்குப் பாதகம். பாதி உடல் மறைந்திருந்தால் காப்பெண்ணோடு (தாக்குபவர் எட்ட வேண்டிய எண்ணோடு) 2, முக்கால் மறைந்திருந்தால் 5 கூட வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்திக் காக்கும் மந்திரம், அடிபட்டால் கலையுமா என்பதற்கு இலக்கு 10 அல்லது அடியில் பாதி, இவற்றில் எது பெரிதோ அது. 22க்குக் குறைந்த அடி எதுவானாலும் 10தான் என்று எழுதிவிட்டால் வகுத்தலும் மிச்சம். தீவட்டி ஒரு மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல். உயரத்திலிருந்து விழுந்தால் பத்தடிக்கு ஒரு ஆறு முகப் பகடை வீதம் சேதம். ஒரே வகை எதிரிகள் பலர் வந்தால் யாருக்குப் பின் யார் என்ற வரிசைக்கு ஒரே உருட்டல், சேதத்துக்கு விதிநூலில் அச்சிட்ட சராசரி என்று வைத்துக்கொண்டால் ஆறு கோப்ளின்களின் முறை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எதிரிகளின் குலவரலாறு, கடவுளர் பட்டியல், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு இத்தாளில் இடம் தரக்கூடாது.

மறுபக்கம் அன்றைய கதைக்குரியது. கதை என்றதும் முதலில் இது நடக்கும், பிறகு அது நடக்கும் என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி எழுதிவைப்பவர்களே அதிகம். ஆடுவோர் அந்த வழியில் போவதில்லை என்பதால் அவ்வளவும் வீணாகும். அதற்குப் பதிலாக, யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் எத்தனை நாளில் என்ன நடக்கும் என்று எழுதுவதே பயன் தருகிறது. மலையிலிருந்து ஓகர் என்ற அரக்கன் விரட்டிவிட்டதால் கோப்ளின்கள் ஊர்க் களஞ்சியத்தைக் கொள்ளையிடுகின்றன. ஊர்த்தலைவருக்கு அது தெரியும், ஆனால் சந்தைக்கு வரும் வணிகர்கள் அஞ்சி நின்றுவிடுவார்கள் என்று மறைக்கிறார். மூன்றாம் நாள் ஓகரே ஆற்றைக் கடந்து வந்துவிடும். இந்த மூன்று வரி இருந்தால், ஆடுவோர் கோப்ளின்களோடு போரிட்டாலும், பேசினாலும், தலைவரையே குற்றஞ்சாட்டினாலும் நடத்துபவர் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

கூடவே பெயர்கள். வாயிற்காவலன் பெயரென்ன, சத்திரக்காரி பெயரென்ன என்று ஆடுவோர் கேட்காத நாளே கிடையாது. அந்தக் கணத்தில் பெயர் சட்டென வராது. பத்துப் பெயர்களை முன்கூட்டியே எழுதி, யாருக்கு எதைச் சூட்டினோம் என்பதை எதிரே குறித்துக்கொண்டால், அடுத்த வாரம் அதே ஆளுக்கு வேறு பெயர் வைக்கும் குழப்பம் இராது. தமிழிலேயே ஆடும் குழுவினர் வேற்றுமொழிப் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கீழடியின் பானையோடுகளில் கீறப்பட்டுள்ள ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் ஒரு கற்பனை நாட்டுக்கு அற்புதமாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு பாத்திரத்தின் காப்பெண்ணையும், பகடை உருட்டாமலேயே கவனிக்கும் திறனுக்குரிய எண்ணையும் ஓரத்தில் எழுதிவைத்தால், ஒளிந்திருக்கும் எதிரியைப் பற்றிக் கேள்வி எழுப்பிக் காட்டிக்கொடுக்காமல் நடத்துபவரே தீர்மானித்துவிடலாம். இவ்வளவையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறுஞ்செய்தி ஒன்று வந்து விழுந்தால் ஓகரும் போச்சு, ஆற்றங்கரையும் போச்சு.

இனி, இணைப்பிதழுக்கு ஒரு வேண்டுகோள். 2014 பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த ஆவணத்தை அதன் உரிமையாளர்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிடும் வாசகத்தைச் சேர்த்தால் யாரும் அதை மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற சில எதிரிகளின் விவரங்கள் அந்த ஆவணத்தில் சேர்க்கப்படவில்லை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நான் மேலே சொன்ன தாளுக்கு அவை தேவையும் இல்லை. எனவே, கட்டுரையின் தொடர்ச்சியாகத் தமிழிலேயே இத்தகைய ஒரு பக்கத்தை, வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும் அளவில், தாங்கள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். ஒருபுறம் விதிகளை அச்சிட்டு, மறுபுறத்தில் பெயர்களுக்கும் அன்றைய கதைக்கும் வெற்றுக் கட்டங்கள் மட்டும் விட்டால் போதும். பக்கத்தின் அடியில், மூலத்தைக் குறிப்பிடுமாறு உரிமம் கேட்கும் அந்த வாசகத்தை அச்சிட மறந்துவிடக்கூடாது. வரைவைத் தயாரித்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கோயம்புத்தூர்