கேள்வித்தாள் அச்சாகும் முன்னே வாருங்கள்

சென்னையில் மருத்துவ ஆய்வு நடத்தும் நிறுவனங்களுக்கும் அந்த ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் காசிமேட்டுக்காரன். போன வருஷம் நுரையீரல் ஆய்வு என்று இரண்டு பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். காலை பத்தரை மணி. மீன் விற்கும் பெண்கள் கூடையோடு கிளம்பிப் போயிருந்தார்கள். அகப்பட்டது என் அம்மாதான்.

இருமல் எத்தனை நாளாக, விறகடுப்பா கேஸா, வீட்டில் யார் பீடி பிடிப்பது என்று வரிசையாகக் கேட்டார்கள். அம்மா நடுவில், "வாடை அடிச்சா நைட்டெல்லாம் தொண்ட எரியுதுப்பா" என்றார். பையன் 'வீட்டருகே துர்நாற்றம்: ஆம்' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். எங்களுக்கு வாடை என்றால் வடக்கே ஆலைகள் இருக்கும் எண்ணூர் பக்கமிருந்து வரும் காற்று. அவர் சொன்னது நாற்றத்தை இல்லை, புகையை. பையன் மேல் தப்பில்லை. கேள்வி எழுதிய இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் இருந்திருந்தால், காற்று எந்தத் திசை என்றும் ஒரு வரி இருந்திருக்கும்.

அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அம்மா தபால்காரரைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

1956ல் இதே ஊரில் தொடங்கிய காசநோய் ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்காமல் நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றாது என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அது. அதைக் காட்டியது இந்த ஊர் ஏழைகளின் வீடுகள். வீட்டைக் கொடுத்தவர்களிடம் கேள்வியையும் கேட்டு வாங்கலாமே?

புது மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் சாமானியர் ஒருவராவது இருக்க வேண்டும். சரி, நாற்காலி இருக்கிறது. ஆனால் திட்டம் முழுக்க எழுதி முடித்த பிறகுதானே அவர் கைக்கு வருகிறது? அதில் அவர் எதை மாற்ற முடியும், எழுத்துப்பிழையையா?

அடுத்த ஆய்வுக்குக் கேள்வி எழுதும் முன் எங்கள் தெருவில் வந்து உட்காருங்கள். ஒப்புதல் படிவத்தை எங்கள் பெண்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் முழிக்கிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள். அரை நாள் வியாபாரம் போகும், அதற்குக் கூலி கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது. கண்டுபிடித்ததை அதே தெருவில் திரும்ப வந்து சொல்லுங்கள்.

மத்தியானம் மூணு மணிக்கு மேல் வந்தால் எல்லோரும் இருப்பார்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்றைக்குத்தான் மீன் நிறைய விற்கும்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒருவன்