டேங்கைத் திறக்கும் முன் காது கொடுங்கள்

தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்தின் சென்னைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். டிரான்ஸ்ஃபார்மர் சோதனையிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் எழுதுகிறேன். எண்ணெய் மாதிரியில் ஹைட்ரஜன் ஏறினால், உள்ளே எங்கோ மின்னிறக்கம், அதாவது காப்பில் சிறு மின்பொறி, நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை, அடுத்த மாதிரி வரும்வரை சும்மா விட்டுவைக்காதீர்கள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் மீயொலிச் சென்சாரை, எண்ணெய் நிறைந்த டேங்கின் வெளிப்புறத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஒரு தனியார் ஆலையில் நாங்கள் அப்படிக் காத்திருந்தோம். பிறகு, பெரிய பொறிக்கு அடையாளமான அசெட்டிலீன் வாயுவும் எண்ணெயில் தலைகாட்டியது. எண்ணெயை இறக்கி, உள்ளே மூன்று நாள் தேடினோம். எர்த் இணைப்பு விட்டுப்போன ஒரு கவசத் தகடு, நாங்கள் கடைசியாகப் பார்த்த மூலையில் கருகிக் கிடந்தது. கோளாறு உண்டு என்று எண்ணெய் சொல்லியிருந்தது. எந்த இடம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஒலி சொல்லும். எண்ணெய்க்குள் ஒவ்வொரு மின்னிறக்கமும் ஒரு நுண்ணிய வெடிப்பு. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கிரீஸ் தடவி, காந்தத்தால் டேங்கில் ஒட்டும் சென்சார் 150 கிலோஹெர்ட்ஸ் அளவில் கேட்கும். கோரின், அதாவது இரும்பு மையத்தின், 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அங்கே எட்டாது. எண்ணெயில் ஒலி விநாடிக்குச் சுமார் 1400 மீட்டர் போகும். ஒரு மில்லிவிநாடி தாமதம் என்றால் 1.4 மீட்டர். நான்கு சென்சார்களின் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் குறுக்கிவிடலாம். ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது: டேங்கின் இரும்பில் ஒலி எண்ணெயைவிட வேகமாக ஓடும். அந்த வழியாக முந்தி வருவதை நேரடி ஒலி என்று நம்பினால் கணக்கே தப்பும். சென்சாரை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது அதனால்தான்.

நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். கடற்காற்றின் உப்பு புஷ்ஷிங்கில் (மின்கம்பி டேங்குக்குள் நுழையும் இடத்துக் காப்பில்) படிந்து, ஈரமான இரவுகளில் வெளியே பொரியும் கொரோனா மின்கசிவு, மின்னிறக்கத்தை மின்துடிப்பாக அளக்கும் மின்வழி அளவீட்டைக் குழப்பும். டேங்கில் வைத்த காதை அது அவ்வளவாகத் தொடாது. மழைத்துளி தொடும், ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். பங்குனியில், முடிந்தால் எண்ணெய்ப் பம்ப்பைச் சற்று நேரம் நிறுத்தி அளவெடுங்கள்.

சுருளின் ஆழத்தில் நடப்பது காகிதத்திலும் அட்டையிலும் அமுங்கிப்போகலாம். ஆகவே ஒன்றும் கேட்காததை நற்சான்றாக எழுதிவிடாதீர்கள்.

மயிலாப்பூர், கோயம்பேடு போல வீடுகள் நெருங்கி நிற்கும் 230 கிலோவோல்ட் நிலையங்களில் தொடங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இப்போதே ஒரு பதிவு எடுத்து வையுங்கள். நாளை ஒப்பிட அது வேண்டும். இதற்கென்று ஒரு குழுவை அமைத்தால், சென்சார் வைக்கும் இடத்தைக் காட்டித்தர நான் வருகிறேன். இரவு வேலையானாலும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சோதனைப் பொறியாளர் ஒருவர், சென்னை