பேட்டி செஷன்ஸ் அம்மாளின் பெயரையும் போட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் என்ற மதப் பிரிவினரிடம் அந்தக் காலத்தில் இருந்த பலதார மணத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களுடைய தலைவர் பிரிகாம் யங்குக்கு எத்தனை மனைவியர் என்ற கணக்கு அதில் இருந்தது. அங்கே வாழ்ந்த பெண்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை. 'வாயில்லாப் பூச்சிகள்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் முடித்துவிட்டார் கட்டுரையாளர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். என் மகள் சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் போய் ஆறு மாதம் இருந்தேன். ஜூலை 24 அங்கே மாநிலம் முழுக்க விடுமுறை. 1847ல் மார்மன்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய நாள். அவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள், வழியில் பிள்ளை பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று மகளிடம் கேட்டேன். அவள் நூலகத்திலிருந்து ஒரு நாட்குறிப்பை எடுத்துவந்து, குழந்தை தூங்கும் நேரமெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். எழுதியவர் பேட்டி செஷன்ஸ் என்ற மருத்துவச்சி. அந்த ஒரு சொல் போதாதா எனக்கு?

பேட்டி அம்மாள் 1795ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். 17 வயதில் கல்யாணம். பெற்ற எட்டில் மூன்றுதான் வளர்ந்து பெரிதாயின. 1846 பிப்ரவரியில் மார்மன்கள் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரை விட்டுக் கிளம்பியபோது, மகள் ஒரு வெற்று நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறாள். அதில்தான் எழுத ஆரம்பித்தார். பனி, மழை, சேறு. அதற்கு நடுவே இன்னார் வீட்டில் ஆண், இன்னார் வீட்டில் பெண் என்று ஒரு வரி. பிரசவப் பதிவேடு எழுதிய எந்தச் செவிலியருக்கும் அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் ராத்திரி தெரியும்.

அந்த வரிகளுக்கு இடையில்தான் அவருடைய சொந்தக் கதையும் வருகிறது. 1845ல் கணவர் டேவிட், ரோசில்லா என்ற பெண்ணை இரண்டாவதாகக் கட்டினார். பேட்டி அம்மாளுக்கு அப்போது 50 வயது, 33 வருட தாம்பத்தியம். பலதார மணம் கடவுளின் கட்டளை என்று அவர் மனசார நம்பினார். மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துடன் மறுமைக்கும் தொடரும் என்று அவர்கள் கருதும் திருமணச் சடங்கை 1842லேயே செய்துகொண்டவர் அவர். ஆனால் நம்பிக்கை இருந்தால் வலிக்காதா? மிசௌரி ஆற்றங்கரையில், இன்று ஓமஹா இருக்கும் இடத்தில், வின்டர் குவார்ட்டர்ஸ் என்று முகாம் போட்ட 1846ல், மூத்தாளுக்கும் இளையாளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவர் கடுமையாகப் பேசியதை, தான் மனம் உடைந்து அழுததை, மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் ரோசில்லா நாவூவுக்கே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் பக்கமும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஒரு வண்டியும் கூடாரமுமே வீடு என்றிருக்கும்போது, முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மூத்தாள் முன்னால் போய் நிற்பது லேசான காரியமா?

இந்தப் பகுதியை மகள் வாசித்த அன்று அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணிக்காலத்தில் சக்களத்தி உள்ள வீடுகளுக்கும் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறேன். அந்த வீடுகளில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

மறு வருடம், 1847ல், 52 வயதில், சுமார் 1,000 மைல் தூரம் மாட்டு வண்டியைத் தன் கையாலேயே ஓட்டிக்கொண்டு செப்டம்பரில் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். வந்த சில நாட்களுக்குள்ளேயே அங்கே பிறந்த முதல் ஆண் குழந்தைக்குப் பிரசவம் பார்த்தார். 1850ல் டேவிட் இன்னொரு பெண்ணைக் கட்டினார். அதே வருடம் இறந்தும் போனார். அடுத்த வருடம் பேட்டி அம்மாள் ஜான் பாரி என்பவரை மணந்தார். இனி விறகு வெட்டித்தர ஓர் ஆள் இருக்கிறார், கடவுளுக்கு நன்றி என்பதுபோல அப்போது எழுதியிருக்கிறார். 1854ல் அவரும் இன்னொரு பெண்ணை மணந்தார். மறுபடியும் சக்களத்தி.

அவர் நிற்கவில்லை. பழத்தோட்டம் போட்டார், காசு சேர்த்தார், வயதான காலத்தில் பௌன்டிஃபுல் என்ற ஊரில் தன் செலவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். ஆயுளில் அவர் பார்த்த பிரசவங்கள் 3,977 என்கிறார்கள். 1892ல் இறந்தபோது வயது 97.

சட்டம் கட்டுரையில் சரியாகத்தான் இருந்தது: 1862ல் பலதார மணத்துக்குத் தடை, 1882லும் 1887லும் இன்னும் கடுமை, 1890ல் சபையே கைவிட்டது. ஆனால் 1870லேயே யூட்டா பெண்கள் ஓட்டுப் போட்டார்கள் என்பதும், பலதார மணத்தை ஒழிக்க வந்த அதே 1887 சட்டம் அவர்கள் ஓட்டையும் பறித்தது என்பதும் விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், மார்த்தா ஹியூஸ் கேனன். டாக்டர், நான்காவது மனைவி. தான் பார்த்த பிரசவங்களைச் சொன்னால் எத்தனையோ வீட்டு ஆண்கள் ஜெயிலுக்குப் போவார்கள் என்பதால், சாட்சிக் கூண்டில் ஏறாமலிருக்க 1886ல் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போனவர். ஓட்டுரிமை திரும்பிய 1896ல் மாநில செனட்டுக்கு நின்றார். எதிர்த்து நின்றவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். ஜெயித்தது மார்த்தா. அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் அவர்தான்.

அந்தப் பலதார மண ஏற்பாட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு பெண்ணை அப்படி அழவைத்த ஏற்பாடு எனக்கு வேண்டாம். ஆனால் அழுததையும் எழுதிவைத்து, விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிரசவத்துக்குப் போனவரை வாயில்லாப் பூச்சி என்று எப்படிச் சொல்வது? கட்டுரையாளரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். பேட்டி அம்மாளின் நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டு, தங்கள் இணைப்பில் அவரைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்