எதிர்வீட்டுக் கிண்ணம்

அன்பு மகன் சேவியருக்கு,

உன் நீண்ட மடலைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தேன். பாப்பரசர்கள் பிற சமயத்தவரோடு கைகோத்தது தவறு என்று, இத்தாலியின் அசிசியில் நடந்த கூட்டத்தில் தொடங்கி, பாப்பரசர் பிரான்சிஸ் 2019-இல் இஸ்லாமியத் தலைவர் ஒருவரோடு கையெழுத்திட்ட அபுதாபி ஏட்டில் முடித்திருக்கிறாய். நடுவில் எனக்கும் ஒரு குட்டு. திருச்சபையின் போதனையை நான் நீர்த்துப்போகச் செய்கிறேனாம். இத்தனை ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவளுக்கு இது தேவைதான்.

1986 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அமைதிக்காக வேண்டப் பல சமயத்தவரையும் அசிசிக்கு அழைத்ததை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்களை எதிர்த்த பேராயர் லெஃபெவ்ர் கண்டித்தார், உண்மை. அவ்வூரின் புனித பேதுரு ஆலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின்மேல் புத்தர் சிலையை வைத்ததாகச் செய்தி வந்ததே, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கர்தினால் ராட்சிங்கர் அன்று அங்கே போகவில்லை என்கிறாய். சரி. அவரே பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டாக 2011-இல் அசிசிக்குப் போனாரே, அதை ஏன் விட்டுவிட்டாய்? கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்று அடித்துச் சொல்லும் ‘தோமினுஸ் இயேசுஸ்’ என்ற வத்திக்கான் ஏடு 2000-இல் வந்தது. அதற்கு ஒப்புதல் கொடுத்தவர், அசிசிக்கு அழைத்த அதே பாப்பரசர்தான். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது, உலக ஆயர்கள் கூடிய அந்த வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு ஏடு. கிறிஸ்துவை இடைவிடாமல் அறிவிக்கக் கடமைப்பட்டிருப்பதையும் அதே பத்தியில் சொல்கிறது. நம் பங்கில் சிலர் இரண்டாவதை மறந்துவிட்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்கிறார்கள். அவர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன். நீ முதலாவதைத் தாண்டிக் குதிக்கிறாய்.

ஆனால் நான் பேனா எடுத்தது அசிசிக்காக இல்லை.

ஆடி வெள்ளியன்று எதிர்வீட்டு அத்தை சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாரே. ‘அம்மனுக்குப் படைத்தது, தம்பி’ என்று வாய் நிறையச் சொல்லித்தான் கொடுத்தார். நீ பவுலின் 1 கொரிந்தியர் 10-ஐ எடுத்துக் காட்டினாய். நானும் பிரித்துப் பார்த்தேன். கேள்வி கேட்காமல் உண்ணுங்கள் என்கிறது 27-ஆம் வசனம்; படையல் என்று யாராவது சொன்னால் உண்ண வேண்டாம் என்கிறது 28. ஆக, எழுத்துப்படி நீ சொன்னது சரி. உண்ணாமல் இருந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் உண்பேன், உன் மனச்சான்று வேறு.

அதைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டச் சொன்னது எந்த வசனம்? சொன்னவருடைய மனச்சான்றை முன்னிட்டு என்றல்லவா பவுல் எழுதுகிறார்! உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் நமக்குச் சோறு வந்தது அந்த வீட்டு அடுப்பிலிருந்து.

மறுநாள் அத்தை கேட்டார்: ‘தம்பிக்குப் பிடித்திருந்ததா?’ தலையாட்டினேன். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். பாதிப் பாவம் உன்னுடையது என்று சாமியாரிடம் சொல்லவில்லை.

அவருடைய பித்தளைக் கிண்ணம் இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் அதில் அச்சுமுறுக்கு வைத்துத் தருகிறேன். நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அம்மா